கட்டைவிரலைத் தூக்கினாலே மணிக்கட்டில் சுரீர் என்கிறதா?

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக எலும்பு சற்றே துருத்திக்கொண்டிருக்கும் மேட்டைத் தொட்டுப் பாருங்கள். கையில் வேறெங்கு அழுத்தினாலும் தாங்க முடிகிறது, அந்த மேட்டின் மேல் விரல் பட்டால் மட்டும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வைக்கிறதா? பாட்டில் மூடியைத் திருகும்போதும், குழந்தையைத் தூக்கும்போதும், கதவைச் சாவி போட்டுத் திறக்கும்போதும் வலி அங்கிருந்து கிளம்பிக் கட்டைவிரலுக்கும் முன்கைக்கும் ஓடுகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் டி குவர்வெய்ன் நோயாக இருக்கும். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்னின் பெயர்தான் நோய்க்கும் நிலைத்துவிட்டது.

இந்த வலியோடு வருகிறவர்கள் சொல்வது ஒன்று “நரம்பு இழுத்துக்கிச்சு”, இல்லையென்றால் “சுளுக்கு”. பேச்சு வழக்கில் தசைநாணையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சொல்வதில் தவறில்லை, அந்தச் சொல்லை வைத்தே வைத்தியத்தைத் தொடங்குவதில்தான் சிக்கல். நரம்பு என்று நினைப்பவர் மாதக்கணக்கில் வைட்டமின் மாத்திரை விழுங்குகிறார். சுளுக்கு என்று நினைப்பவர் அந்த இடத்தை அழுத்தி நீவி, விரலைச் சொடுக்கி இழுக்கிறார். முதலாவதால் பயனில்லை. இரண்டாவது நிலைமையை இன்னும் கெடுக்கும். ஏனென்று புரிய உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கயிறும் குழாயும்

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறுதான் தசைநாண். மணிக்கட்டின் புறப்பக்கத்தில் தசைநாண்கள் ஆறு தனித்தனிப் பாதைகளில் விரல்களை நோக்கிப் போகின்றன. அவற்றில் முதல் பாதை, நீங்கள் தொட்டுப் பார்த்த அந்த மேட்டின் மேல் இருக்கிறது. கீழே எலும்பு, மேலே கெட்டியான பட்டை நாடா. நடுவில் சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய குழாய். கட்டைவிரலைப் பக்கவாட்டில் விரிக்கும் தசைநாண் ஒன்றும், அதை நிமிர்த்தும் தசைநாண் ஒன்றும் இந்தக் குழாய்க்குள் அருகருகே வழுக்கிப் போய் வருகின்றன. வழுக்குவதற்கென்றே மெல்லிய உறையும் துளி வழவழப்பு நீரும் உண்டு.

மணிக்கட்டு நேராக இருக்கும்வரை கயிறு குழாய்க்குள் நேராக ஓடும். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் குழாயின் விளிம்பில் கயிறு மடங்கி உராயும். அந்தச் சாய்வோடு கட்டைவிரலும் பலம் கொடுத்துப் பிடிக்கிறது என்றால் உராய்வு பல மடங்கு. இது நாள் முழுக்க, வாரக்கணக்கில் நடக்கும்போது குழாயின் கூரை தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. கூரை தடித்தால் உள்ளே இடம் குறைகிறது. இடம் குறைந்தால் உராய்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழல்தான் நோய். சில கைகளில் அந்த மேட்டில் ஒரு சிறு வீக்கம் கண்ணுக்கே தெரியும். விரலை வைத்துக் கட்டைவிரலை அசைத்தால் நறநறவென்று உணர முடியும்.

‘தசைநாண் அழற்சி’ என்று இதை எழுதுவது வழக்கம். ஆனால் நாள்பட்டவர்களிடம் காண்பது சிவந்து கொதிக்கும் அழற்சியைவிடத் தடித்துச் சீர்கெட்ட உறைதான். வலி மாத்திரை தின்ற மூன்று நாள் நன்றாக இருந்து, நிறுத்தியதும் வலி திரும்புவது இதனால்தான். மாத்திரை வலியை மட்டுப்படுத்துமே தவிர, குழாயை அகலமாக்காது.

யாருக்கு வருகிறது

ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்; 30 முதல் 50 வயது வரை அடிக்கடி காண்கிறோம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களிலும் இது தனிக் கவனத்துக்குரியது. உடலில் நீர் தேங்குவதும் ஹார்மோன் மாற்றங்களும் ஒருபுறம். குழந்தையைத் தூக்கும் விதம் மறுபுறம்.

அந்தத் தூக்குதலை அருகிலிருந்து கவனியுங்கள். இரண்டு கைகளும் குழந்தையின் அக்குளுக்குள் போகின்றன. கட்டைவிரல்கள் நெஞ்சின் முன்னாலும் மற்ற நான்கு விரல்கள் முதுகுக்குப் பின்னாலும் விரிந்து நிற்கின்றன. தூக்கும் நொடியில் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளைகிறது, குழந்தையின் எடை முழுவதும் விரிந்த கட்டைவிரலின் அடியில் தொங்குகிறது. குழாயின் விளிம்பில் கயிறு மடங்கி, முழுப் பலத்தோடு இழுபடும் நிலை இதுதான். இதைத் தாய் ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்கிறார் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். குழந்தையின் எடையோ வாரத்துக்கு வாரம் கூடுகிறது. தூக்கி வளர்க்கும் தந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் இதே வலி வரும்.

துணி பிழிவது, திருப்புளி பிடிப்பது, கத்தரிக்கோலால் தொடர்ந்து வெட்டுவது, ஒரே கையில் கைபேசியைப் பிடித்து அதே கட்டைவிரலால் தட்டுவது, சுட்டெலியை மணிக்கட்டால் மட்டும் அசைப்பது எல்லாம் அதே அசைவின் வேறு வடிவங்கள். நீரிழிவும் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமும் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

வீட்டில் செய்யும் சோதனை பற்றி ஓர் எச்சரிக்கை

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, அதன் மேல் மற்ற விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையை நிறையப் பேர் காணொளிகளில் பார்த்திருப்பார்கள். ஃபிங்கெல்ஸ்டைன் சோதனை என்று பெயர் போட்டிருப்பார்கள். உண்மையில் அது ஐக்காஃப் என்ற மருத்துவர் விவரித்த முறை. ஃபிங்கெல்ஸ்டைன் 1930இல் சொன்னது, சோதிப்பவர் நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்துச் சாய்க்கும் முறை. பெயர்க் குழப்பத்தை விடுங்கள், நடைமுறையில் முக்கியமானது வேறு: முஷ்டி மடக்கும் முறையில் நோயில்லாத கையிலும் கொஞ்சம் இழுத்து வலிக்கும். எனவே மற்றக் கையிலும் செய்து ஒப்பிட வேண்டும். வலிக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும். ‘இன்னும் வலிக்கிறதா’ என்று தினமும் செய்து பார்ப்பது, ஆறிவரும் இடத்தைத் தினமும் உரசிவிடுவதற்குச் சமம்.

இதுபோலவே தோன்றும் வேறு வலிகளும் உண்டு. வலி அந்த மேட்டில் இல்லாமல் கட்டைவிரலின் அடி மூட்டில் இருந்து, கிள்ளிப் பிடிக்கும்போது கூடினால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். மணிக்கட்டிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் மேலே முன்கையில் வலித்து அசைக்கும்போது கிறீச்சிட்டால், அங்கே குறுக்கே கடக்கும் தசைநாண்களின் உராய்வு. கட்டைவிரலின் பின்புறத் தோலில் மரமரப்பும் எரிச்சலும் இருந்தால், இறுக்கமான கடிகாரப் பட்டையோ வளையமோ தோல் நரம்பை அழுத்துகிறதா என்று பாருங்கள். அப்போது மட்டும் ‘நரம்பு’ என்ற சொல் பொருந்தும்.

கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலின் அடியில் விழும் குழியில் வலித்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் குழிக்கு அடியிலுள்ள சிறு மணிக்கட்டு எலும்பான படகெலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது அதனால்தான். அந்த இடம் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித் தொற்றா என்று அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உண்மையான ஓய்வு

பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படாது. ஆனால் ‘ரெஸ்ட் எடுங்க’ என்ற ஒற்றை வார்த்தை யாருக்கும் உதவியதில்லை. ஓய்வு வேண்டியது அந்த இரண்டு தசைநாண்களுக்கு. கட்டைவிரலைக் கட்டாமல் அது கிடைக்காது. அடிக்கடி காணும் தவறு இதுதான்: கட்டைவிரல் நுழைய ஓட்டை மட்டும் விட்ட மணிக்கட்டுப் பட்டையை வாங்கி மாதக்கணக்கில் அணிகிறார்கள். மணிக்கட்டு நிற்கிறது, கட்டைவிரல் சுதந்திரமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. வலி குறையவில்லை, ‘பட்டை போட்டும் கேட்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுருள் துணிக்கட்டும் அப்படித்தான். கதகதப்பாக இருக்கும், கட்டைவிரலைத் தாங்காது.

வேண்டியது, முன்கையில் தொடங்கி மணிக்கட்டைக் கடந்து கட்டைவிரலின் நடு மூட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட். மணிக்கட்டு நேராகவோ சற்றே மேல்நோக்கியோ இருக்கட்டும். கட்டைவிரல் ஒரு டம்ளரைப் பிடித்தாற்போல நிற்கட்டும். நகத்துக்குக் கீழேயுள்ள நுனி மூட்டு மட்டும் வெளியே இருந்தால் போதும். முதல் இரண்டு மூன்று வாரம் குளிக்கும் நேரம் போக இரவும் பகலும் அணிய வேண்டும். கழற்றும்போது கட்டைவிரலை வலியில்லாத அளவுக்கு நாலைந்து முறை மெதுவாக அசைத்துவிடுங்கள், இல்லையேல் மூட்டு இறுகிவிடும். அதன்பின் இரவிலும் கனமான வேலைகளிலும் மட்டும். மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம். மரத்துப்போனால் பட்டை இறுக்கம் என்று பொருள், தளர்த்துங்கள்.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம், நாளைக்கு மூன்று முறை வைக்கலாம். டைக்ளோஃபெனாக் ஜெல்லை மெதுவாகப் பூசினால் போதும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு. பாலூட்டும் தாய்க்கு இபுப்ரோஃபென் பொதுவாகப் பாதுகாப்பானது; மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் விதம் மாறாவிட்டால் இவை எல்லாம் வீண். குழந்தையைத் தூக்கும்போது ஒரு உள்ளங்கை பிட்டத்தின் கீழ், இன்னொன்று தலைக்கும் கழுத்துக்கும் பின்னால். உள்ளங்கைகள் மேல்நோக்கி, கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு ஒட்டி இருக்கட்டும். முதலில் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, பிறகு எழுந்திருங்கள். எடை முன்கையில் இறங்கும். பால் கொடுக்கும்போது தலையை விரல்களால் ஏந்தாமல் முழங்கை மடிப்பில் சாய்த்து, அடியில் தலையணை வையுங்கள். கைபேசியை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுங்கள், அல்லது பேசியே தட்டச்சு செய்யுங்கள். சுட்டெலியை முழங்கையிலிருந்து நகர்த்துங்கள். துணியை முறுக்காமல் இரு உள்ளங்கைக்கு நடுவே அழுத்திப் பிழியுங்கள்.

பயிற்சிகள் பிறகுதான். சும்மா இருக்கும்போது வலி நின்று, ஒரு கோப்பையை வலியில்லாமல் தூக்க முடிந்த பின்னரே தொடங்க வேண்டும். முதலில் கட்டைவிரல் நுனியால் மற்ற விரல் நுனிகளைத் தொடுவது, 10 முறை. அடுத்த வாரம், மறு கையால் எதிர்ப்புக் கொடுத்துக் கட்டைவிரலை அசையாமல் வெளிப்பக்கம் தள்ளுவது. 10 விநாடி வீதம் ஐந்து முறை, முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். செய்யும்போது லேசான வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வரை அது தங்கினால் அளவு மீறிவிட்டது என்று கொண்டு ஒரு படி பின்வாங்குங்கள்.

ஊசியும் அறுவையும்

நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை, அல்லது தொடக்கத்திலேயே வலி கடுமை என்றால் ஸ்டீராய்டு ஊசி. இந்தப் பெயரைக் கேட்டு ஓடுகிறவர்கள் அதிகம். நாள்தோறும் மாத்திரையாக உடல் முழுக்கப் போகும் ஸ்டீராய்டு வேறு. குழாய்க்குள் ஒருமுறை செலுத்தும் சிறு அளவு வேறு. ஓரிரு ஊசியிலேயே பத்தில் ஏழெட்டுப் பேருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. மரப்பு மருந்து கலந்திருப்பதால் சில மணி நேரம் வலியே இருக்காது. அது விலகியதும் ஓரிரு நாள் வலி கூடலாம். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையும். இரண்டாவது நாளே ‘பலிக்கவில்லை’ என்று முடிவெடுக்காதீர்கள்.

முன்கூட்டியே தெரிய வேண்டியவை: நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், கண்காணிக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழி விழலாம். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது எடுப்பாகத் தெரியும், மாதங்கள் கழித்துப் பெரும்பாலும் மறையும். பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிலருக்கு ஊசி கேட்காமல் போவதற்கு ஓர் உடற்கூற்றுக் காரணம் உண்டு. அவர்களுடைய குழாயின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாண் தனி அறையில் ஓடும். ஒரு அறைக்குள் போட்ட மருந்து மற்றதற்குப் போவதில்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டால் இரண்டு அறைக்கும் மருந்தைச் சேர்க்க முடியும். முதல் ஊசி பலிக்காதபோது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று ஊசிக்கும் மசியாவிட்டால் குழாயின் கூரையைத் திறந்துவிடும் சிறு அறுவை. இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள், அன்றே வீடு திரும்பலாம். கேட்கச் சிறிதென்றாலும் கவனம் தேவைப்படும் அறுவை இது. தோலுக்கு அடியிலேயே ஓடும் உணர்ச்சி நரம்புக் கிளையில் கீறல் பட்டால், பழைய வலி போய் எரியும் வலி புதிதாக வரும். தனி அறையில் ஓடும் தசைநாணைப் பார்க்காமல் விட்டால் வலி அப்படியே இருக்கும். கை அறுவையில் பழகியவரிடம் செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

அறுவைக்குப் பின் கட்டைவிரலை முதல் சில நாட்களிலேயே மெதுவாக அசைக்கத் தொடங்குவது வழக்கம். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். தழும்பு ஆறிய பிறகு அதன் மேல் விரல் வைத்து வட்டமாக மெல்லத் தேய்த்துவிட்டால் தோல் கீழே ஒட்டிக்கொள்ளாது. தழும்பைச் சுற்றி மரமரப்பு சில வாரம் இருந்து மறையும். கனமான பொருட்களை நான்கைந்து வாரத்துக்குத் தூக்க வேண்டாம். பிடியின் முழு வலு திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை கடிகாரத்தை மறு கையில் கட்டிக்கொள்ளுங்கள்.