அறையில் தனியாகக் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு

போன குளிர்காலத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு ஒரு தம்பி வந்தார். முதுகலை படிக்க ஊரிலிருந்து இங்கிலாந்து வந்து நான்கு மாதம். "அக்கா, டோலோ 650 நாலு வேளையும் போடுறேன். நடுவுல மூணு தடவை சுடுதண்ணியில ஃப்ளூ பொடியும் கலக்கிக் குடிக்கிறேன். இருந்தும் காய்ச்சல் விடல."

நான் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். டோலோ 650-இல் இருப்பது 650 மில்லிகிராம் பாராசிட்டமால். அந்தப் பொடியிலும் இருப்பது பாராசிட்டமால்தான், ஒவ்வொன்றிலும் 1000 மில்லிகிராம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 5600. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் கல்லீரல் கெடும், அதுவும் முதல் நாளில் ஒன்றும் தெரியாது. அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் பாதிப்பு இல்லை. பெட்டியில் அம்மா வைத்தனுப்பிய மாத்திரைகளை எடுத்துவாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டையில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். அசித்ரோமைசினைத் தொடவே தொடாதீர்கள், அது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக், ஃப்ளூ வைரஸிடம் செல்லாது.

அந்தத் தம்பி அதுவரை ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவே செய்திருக்கவில்லை. விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டுத்தானே வருகிறீர்கள்? வந்த வாரமே பதிவு செய்யுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஃப்ளூ ஊசி இலவசமா என்று அங்கேயே கேளுங்கள். மற்றவர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஊசி வேலைசெய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால் அக்டோபரிலேயே போடுவது நல்லது.

எனக்கு உண்மையில் பயம் மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளைக்காய்ச்சலை நினைத்துத்தான். தொடக்கத்தில் அதுவும் ஃப்ளூ போலவே இருக்கும். சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். அறிகுறிகள் இவை: கழுத்து விறைப்பு, வெளிச்சம் பட்டால் கண்கூச்சம், குழப்பம், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத தடிப்பு. நம் நிறத்தில் தடிப்பு எளிதில் தெரியாது. உள்ளங்கை, பாதம், கண்ணிமையின் உட்பக்கம், மேலண்ணம் பாருங்கள். தடிப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதற்கான மென்-ஏசிடபிள்யூஒய் தடுப்பூசியைத் தவறவிட்ட மாணவர்களுக்கு 25 வயது நிறையும்வரை இலவசமாகப் போடுகிறார்கள். எல்லா வகையையும் அது தடுக்காது.

அம்மா கவலைப்படுவார் என்று வீட்டில் மறைப்பீர்கள், தெரியும். பக்கத்து அறையில் இருப்பவரிடமாவது சொல்லி வையுங்கள். ராத்திரி இரண்டு முறை வந்து எழுப்பிப் பார்க்கட்டும். பேச்சு குழறினாலோ மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று தோன்றினாலோ அவசர எண் 999-ஐ அழைக்கட்டும்; ஆபத்தானதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மருத்துவ ஆலோசனை எண் 111.