தோலுக்கும் ஒரு நங்கூரம்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். தாய் பதறிவிட்டார். "கமக்கட்டுக்குள்ள பிடிக்காதீங்கோ, தோல் கழண்டிடும்." சட்டைத் தையல் உரசிய இடமெல்லாம் கொப்புளம். கண்ணூறு, செய்வினை, வயிற்றில் இருக்கும்போது தாய் தின்ற இறால் என்று அயலவர் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் பொய். இது எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பரம்பரைத் தோல் வருத்தம், தொற்றுகிற வருத்தமும் இல்லை.

மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அந்தச் சவ்வை உள்தோலோடு கொளுவி வைத்திருப்பவை கொலாஜன் 7 என்ற புரதத்தாலான நார்கள். மருத்துவத்திலும் அவற்றுக்கு நங்கூர நார் என்றுதான் பெயர். துறைமுக ஊர்க்காரருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 3ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பழுதானால் நங்கூரம் பிடிக்காது. சின்ன உரசலிலேயே தோல் பிரிந்து, இடையில் நீர் கோக்கும். பிரிவது ஆழத்தில் என்பதால் தழும்பு விழும். கடுமையான வகையில் விரல்கள்கூட ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

இதே வருத்தத்துக்கு வேறு வகைகளும் உண்டு. லாமினின் 332 என்ற ஒட்டுப்புரதம் கெட்டால் பிளவு சவ்விலேயே விழும். கெரட்டின் 5, 14 என்ற புரதங்கள் கெட்டாலோ மேல்தோலின் அடிக் கலங்களே கிழியும். இந்த இரண்டு கெரட்டினும் சேர்ந்து முறுகிய கயிறு போன்றவை, ஒரு புரி இற்றாலும் கயிறு தாங்காது. அதனால் தாயிடமோ தகப்பனிடமோ இருந்து மரபணுவின் ஒரு பழுதான பிரதி வந்தாலே பெரும்பாலும் போதும். வெக்கையில் இந்த வகை கூடும். திருகோணமலை வெயிலில் குதிக்காலைப் பார்த்தால் தெரியும்.

நங்கூர நாரின் கடுமையான வகைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும். அந்த வகைப் பழுது ஒரு பிரதியில் மட்டும் உள்ளவருக்குப் பொதுவாக ஒரு கொப்புளமும் வராது, தன்னிடம் அது இருப்பதே தெரியாது. சொந்த மச்சானும் மச்சாளும் தங்கள் மரபணுக்களில் சராசரி எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாத்தாவிடம் இருந்த பழுது இரண்டு வழியாலும் இறங்கி ஒரே பிள்ளையில் சந்திக்கலாம். இருவரும் காவிகள், அதாவது ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள், என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடக்கூடாது. இதில் தாயை மட்டும் குற்றம் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

2015-16இல் லாமினின் பழுதான ஒரு சிறுவனுக்கு, அவனது கலங்களையே திருத்தி வளர்த்து, உடலின் ஏறத்தாழ 80 வீதத் தோலை ஜெர்மனியில் மாற்றினார்கள். கொலாஜன் 7 மரபணுவைப் புண்ணுக்குள் கொண்டு சேர்க்கும் பூச்சு மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

அந்தத் தாய் கிருமி நீக்கிய ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தைக் குத்தி நீரை வடியவிட்டார். மேலே கிடந்த தோலை உரிக்கவில்லை. அப்படியே படியவிட்டு, ஒட்டாத துணியால் சுற்றினார். பிளாஸ்டர் போட்டால், கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும்.