‘செப்டிக் டேங்க்’ என்ற சொல்லும் நம் வீட்டுக் குழியும்

காலில் ஆணி குத்திவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது, “போய் ஊசி போட்டுக்கோ, செப்டிக் ஆயிடப் போகுது.” கொல்லையில் இருக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் நாம் சொல்வது அதே ‘செப்டிக்’தான். புண்ணுக்கும் தொட்டிக்கும் என்ன உறவு?

அழுகல்தான் உறவு. கிரேக்க மொழியில் ‘செப்டிகோஸ்’ என்றால் அழுகச் செய்வது என்று பொருள். ‘செப்சிஸ்’, ‘ஆன்டிசெப்டிக்’ எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. புண் அழுகினால் ஆபத்து. தொட்டிக்குள் அழுகினால் நல்லது. அங்கே அழுகுவதற்காகத்தான் அந்தத் தொட்டியையே கட்டுகிறோம்.

இந்த யோசனை பிரான்சில் தொடங்கியது. 1860 வாக்கில் வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூராஸ் என்பவர் தன் வீட்டுக் கழிவுக்குக் காற்றுப் புகாத ஒரு தொட்டி கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, எதிர்பார்த்த அளவுக்குத் திடக்கழிவு அதில் இல்லை. 1881-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அதற்கு வைத்த பெயர்தான் என்னை யோசிக்க வைத்தது. ‘தானே துப்புரவு செய்துகொள்ளும் கருவி’ என்ற பொருளில் அழைத்தார்கள். மனிதன் கையால் அள்ள வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் சாரம். அப்புறம் 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பொறியாளர் டொனால்ட் கேமரன் ஊர்க் கழிவுக்கே இதுபோல ஒரு தொட்டி கட்டி, ‘செப்டிக் டேங்க்’ என்று பெயரிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கழிவு விழுந்ததும் கனமானது அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஏடு கட்டுகின்றன. நடுவில் நிற்கும் நீர் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அடியில் படிந்ததை மெல்ல மெல்ல அழுக வைக்கின்றன. எல்லாமே கரைந்துவிடாது. மிச்சம் கசடாகச் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து அதை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். வெளியே போகும் நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் இருக்கத்தான் செய்யும். மண்ணில் இறங்கிய பிறகுதான் ஓரளவு வடிகட்டப்படும்.

இதை விளக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அடியில காங்கிரீட் போடாதீங்க சார். தண்ணி மண்ணுல இறங்கினாத்தான் டேங்க் நிறையாது.” அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. எட்டு உறை இறக்கி, மேலே ஒரு சிலாப் போட்டு, காற்றுக்குழாய் நட்டு முடித்தோம். பதினோரு ஆண்டு அதை மறந்தே போனோம். பக்கத்து வீட்டில், “எங்க டேங்க் இருபது வருஷமா ஒருதடவை கூட நிறையல” என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

நிறையாத தொட்டி என்றால் ஒழுகும் தொட்டி என்று அர்த்தம். எங்கள் குழியிலிருந்து கிணறு இருபத்தைந்து அடிகூட இருக்காது. உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 50, 60 அடியாவது வேண்டும் என்பார்கள். சிறிய மனையில் அதற்கு இடமே இல்லை. நம் பக்கம் இருந்தாலும் சுவருக்கு அந்தப்புறம் அடுத்தவர் குழி இருக்கும்.

மண்ணில் இறங்கும் கழிவில் கிருமியோடு நைட்ரஜனும் இருக்கிறது. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரோடு நீராகப் போகும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. காய்ச்சினாலும் போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அளவு மீறினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். புட்டிப்பால் கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கும் தாய்க்கு இதை யார் சொல்வது?

யாழ்ப்பாணத்தில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, நிலத்தடி நீர்தான் கதி. அடியில் இருப்பதோ வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். வடிகட்டும் மண் மெல்லிசு. மலக்குழியில் விட்டது அதிகம் தடைபடாமல் கிணற்றுக்கு வந்துவிடும். வயலுக்கு இடும் உரமும் சேர்ந்துகொள்ள, அங்குள்ள கிணறுகளில் நைட்ரேட் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செய்தித்தாள்களில் ‘கழிவுநீர்த் தொட்டி’ என்று எழுதுகிறார்கள். குளியலறைத் தண்ணீரும் கழிவுநீர்தானே? அது பொதுச்சொல். ‘மலக்குழி’ நேரடியான சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் அது வேறு பொருளைக் குறிப்பது. மண்ணைத் தோண்டினால் குழி. நாலு பக்கமும் அடியும் அடைத்துக் கட்டினால்தான் தொட்டி. மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டியை நினைத்துப் பாருங்கள், அடியில் ஒழுகினால் அதைத் தொட்டி என்போமா? எங்கள் வீட்டில் இருந்தது மலக்குழி. நாங்கள்தான் அதைச் செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

‘செப்டிக்’ என்பதற்கு ‘நச்சு’ என்று போடுவதும் சரியல்ல. வேர்ப்பொருள் அழுகல்தான். அதனால் ‘அழுகுதொட்டி’ என்பதே பொருந்தும் என்பேன். உள்ளே நடக்கும் வேலையும் அதில் இருக்கிறது, அடி அடைத்த கட்டுமானமும் இருக்கிறது. முகம் சுளிக்க வைக்கும் சொல் என்று சிலர் சொல்லலாம். ‘செப்டிக்’ என்று கிரேக்கத்தில் சொன்னால் மட்டும் மணக்கவா செய்கிறது?

இன்னொரு சொற்றொடரையும் இங்கே சொல்லியாக வேண்டும்: ‘விஷவாயு தாக்கிப் பலி’. வாயு எங்கிருந்தோ வந்து தாக்கவில்லை. அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் உண்டாவது இயல்பு. ஹைட்ரஜன் சல்பைடு செறிவாக இருந்தால் முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும், வாடை தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்குள் ஒரு மனிதர் இறக்கப்பட்டார் என்பதுதான் செய்தி. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதை, மனிதக் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இறக்கி விட்டதால் மரணம்’ என்று எழுதினால் இறக்கிவிட்ட கை கண்ணுக்குத் தெரியும். ‘தாக்கி’ என்ற சொல் அந்தக் கையை மறைத்துவிடுகிறது.

லாரி உறிஞ்சி எடுப்பதற்கு அரசு வழக்கில் ‘கசடு’ என்றே பெயர். நல்ல பழைய சொல். ‘கற்க கசடற’ என்ற குறளில் அது குற்றம், பிழை. பேச்சில் நாம் மண்டி என்கிறோமே, காபியின் அடியில் தங்குவது, அதுவும் கசடுதான். தமிழ்நாட்டில் 2014-இல் கசடு மேலாண்மைக்கென்று வழிகாட்டு நெறிகள் வந்தன. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழியில் 2017 முதல் ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் நடக்கிறது. லாரி கொண்டுவருவதை அங்கே படுகைகளில் பரப்பி நீரை வடியவிட்டு உலர்த்துகிறார்கள். இப்படி ஒரு நிலையம் எட்டும் தூரத்தில் இல்லாத ஊர்களில் இருட்டியதும் ஏரிக்கரையிலோ பாலத்தடியிலோ குழாயைத் திறந்துவிட்டுப் போகும் லாரிகளும் உண்டு.

போன ஆண்டு எங்கள் குழியை மூடிவிட்டு, அடியில் காங்கிரீட் போட்டு, நடுவே தடுப்புச் சுவரோடு இரண்டு அறைத் தொட்டி கட்டினோம். லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். மூடிக்கு மேலே சுவரில் என் மகள் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறாள்: ‘அழுகுதொட்டி. அடுத்து எடுக்க வேண்டியது 2027 தை.’