பிள்ளைகள் குடிக்குப் பழகாமல் தடுக்க அரசுப் பணம்: எந்த மேசையில், எந்தப் பெயரில் கேட்பது?

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இருப்பவர்கள் டி.எஸ். ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) போய் "பிள்ளைகள் குடிப்பதைத் தடுக்க மானியம் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை, அந்தப் பெயரில் தனித் திட்டம் கிடையாது. ஆனால் சிறுவர் பாதுகாப்பு, இளைஞர் சேவை, விளையாட்டு, சுகாதாரம் என்று வேறு தலைப்புகளில் இதே வேலைக்குச் செலவழிக்கக்கூடிய பணம் சிறிது சிறிதாக வருகிறது. தலைப்பைச் சொல்லிக் கேட்பவருக்கே அது கிடைக்கும். ஒரு மேசைக்காரர் அடுத்த மேசையைக் கைகாட்டுவது அபூர்வம்.

முதலில் இடறுவது வயது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கக்கூடாது. அதைப் பார்த்து விண்ணப்பத்திலும் "21 வயதுக்குட்பட்டோர்" என்று எழுதிவிடுகிறார்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குப் பிள்ளை என்றால் 18 வயதுக்குக் கீழ். இளைஞர் கழகத்துக்கோ 13 முதல் 29 வரை. ஒரே காகிதத்தில் எல்லாரையும் சேர்த்தால் இரண்டு மேசையும் "இது எங்களுடையது இல்லை" என்று தள்ளிவிடும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கானது சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போகட்டும். படிப்பை விட்ட 18, 19, 20 வயதுப் பையன்களுக்கானது இளைஞர் சேவை உத்தியோகத்தரிடம் போகட்டும். கொழும்பில் கடை வேலை செய்து தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கையில் காசோடு வருகிற பையன்கள்தான் இரண்டுக்கும் நடுவில் விடுபடுகிறவர்கள். அவர்கள் பெயரைப் பிறந்த திகதியோடு உரிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது யார் பெயரில் கேட்பது. கோயில் கமிட்டி பெயரில் போனால் "இந்து சமய அலுவல்கள் திணைக்களத்தைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். பதிவு பெற்ற இளைஞர் கழகம், விளையாட்டுக் கழகம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இவற்றில் ஒன்றின் பெயரில் போங்கள். பதிவுச் சான்றிதழில் "மேல் பிரிவு" என்றும் வங்கிப் புத்தகத்தில் "அப்பர் டிவிசன்" என்றும் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பொருளாளர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால், கூட்டம் கூட்டி, அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானம் எழுதி, வங்கியில் கையொப்பத்தை உடனே மாற்றுங்கள். காசோலை வந்த பிறகு அவரைத் தேடி அலையக்கூடாது.

நுவரெலியா மாவட்டத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. 5 ஆக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் 10 ஆகிவிட்டன. நோர்வூட், தலவாக்கலை, கொத்மலை மேற்கு, மதுரட்ட, நில்தண்டாஹின்ன புதியவை. சங்கத்தின் பழைய பதிவு அம்பகமுவவில் கிடக்க, உங்கள் லயம் (தோட்டக் குடியிருப்பு வரிசை) நோர்வூட்டில் இருந்தால் இரண்டு ஒபிஸும் பந்தை மாற்றி மாற்றி உருட்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே கிராம உத்தியோகத்தரிடம் பிரிவை உறுதிப்படுத்தி, பதிவுக் கோப்பை மாற்றித் தரும்படி கடிதம் கொடுங்கள்.

கட்டடம் கேட்காதீர்கள். தோட்டக் காணி கம்பனியின் குத்தகையில் இருப்பதால், காணி விடுவிப்புக் கடிதத்துக்குத் துரை (தோட்ட முகாமையாளர்) ஒபிஸுக்கும் கொழும்புக்கும் அலைவதிலேயே வருடம் போய்விடும். கரப்பந்து, வலை, கரம் போர்ட், பயிற்றுநர் கொடுப்பனவு, மாலை வகுப்புச் செலவு என்று கேளுங்கள். இருக்கிற மண்டபத்தைப் பயன்படுத்தத் துரையிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் போதும். பிரதேச சபையில் "தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டம் விடாது" என்று இன்னும் யாராவது சொன்னால், பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள்.

ஒருநாள் கருத்தரங்கு கேட்டால் லேசாகக் கிடைக்கும். பெனர், மாலு பாண், தேத்தண்ணீர், படம், அத்தோடு சரி. பையன்கள் முதல் மடக்குக் குடிப்பது சம்பள நாள் மாலையிலும் திருவிழா இரவிலும்தான். அந்தத் திகதிகளைக் குறிப்பிட்டு, அன்று என்ன நடத்துவீர்கள், யார் பொறுப்பு, எவ்வளவு செலவு என்று எழுதுங்கள்.

கையில் காசு தருவது குறைவு. பெரும்பாலும் பொருளாகத்தான் வரும், அல்லது செலவழித்த பிறகு பில்லுக்கு வரும். மூன்று கடைகளின் விலைமனு கேட்பார்கள். வியாபாரப் பதிவு இலக்கம் இல்லாத துண்டுச் சீட்டைக் கணக்குப் பிரிவு ஏற்காது. வெற்று வவுச்சரில் ஒருபோதும் கையொப்பம் போடாதீர்கள். 40 பேர் வந்த கூட்டத்துக்கு 100 பேர் என்று வரவுப் பட்டியல் நிரப்பச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கணக்காய்வில் மாட்டுவது உத்தியோகத்தர் இல்லை, சங்கம்தான். வைன் ஸ்டோர் முதலாளி பெயர் போட்டுத் தருகிற ஜெர்சியும் வேண்டாம். மதுசார அனுசரணையையும் அதே 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

அரசின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. ஜனவரி, பெப்ரவரியில் கொடுத்த விண்ணப்பம் திட்டத்தில் சேரும். அதைத் தவறவிட்டவர்கள் செப்டெம்பரில் மீண்டும் போய்ப் பாருங்கள், செலவாகாத பணத்துக்கு அப்போது வேலை தேடுவார்கள். டிசம்பரில் பில் கொடுத்தால் பணம் திரும்பிப் போயிருக்கும். ஜூன் 26 போதை எதிர்ப்பு நாள், ஒக்டோபர் 1 சிறுவர் தினம் இரண்டுக்கும் நிகழ்ச்சி காட்ட வேண்டிய நெருக்கடி ஒபிஸுக்கு இருக்கும். இரண்டு மாதம் முன்பே ஆயத்தமான திட்டத்தோடு போய் நில்லுங்கள்.

விண்ணப்பத்தில் கசிப்பு (கள்ளச்சாராயம்) விற்பவர் பெயரை எழுத வேண்டாம். எழுதினால் கோப்பு பொலிஸுக்குப் போய்விடும், உங்கள் திட்டமும் கூடவே போகும். அதைத் தனியாக மதுவரித் திணைக்களத்தின் 1913 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லுங்கள். கடையில் பிள்ளைக்கு விற்றால் பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும்) முறையிடலாம். பிள்ளைக்கே ஆபத்து என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்குச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் தமிழிலேயே கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் இல்லாத ஒபிஸில் அது மாதக்கணக்கில் தூங்கும் என்பதால் ஒரு பக்கச் சிங்களச் சுருக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். "ஐயா வெளிக்களத்தில்" என்றால் பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் பிரதியோடு தைத்து வையுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது, இந்தத் தலைப்பில் இவ்வருடம் எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது" என்று தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் கோப்பு அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் கண்ணில் படுகிறது.