சூரியன் இறங்கினதும் கிழக்கே திரும்பிப் பாருங்க

எங்க ஐயா காலத்து வீடு மேற்கு பாத்த வீடு, காரைக்குடிக்குப் பக்கத்துல. முகப்புச் சுவர் பூரா சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைச்ச பழைய பூச்சு, கையை வச்சா வழுக்கும், அவ்வளவு வழவழப்பு. சாயங்காலம் ஆனா அந்த வெள்ளைச் சுவர் முதல்ல வெண்ணெய் கலராகும், அப்புறம் மஞ்சள், அப்புறம் நல்ல ஆரஞ்சு, சூரியன் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இறங்கினதும் ஒரு நிமிஷம் சாம்பல் பூத்த மாதிரி நிக்கும், அதுக்கப்புறம் மெதுவா நீலமாயிரும். சின்னப் பிள்ளையில இருந்து பாத்ததுதான், ஆனா அது ஏன்னு நான் உக்காந்து படிச்சது டெத் வேலி போயிட்டு வந்த பிறகுதான்.

டெத் வேலி அமெரிக்காவுல கலிஃபோர்னியா ஓரத்துல இருக்கிற பாலைவனம், வருஷத்துக்கு 60 மில்லிமீட்டர் மழை கூட பெய்யாது. அங்க ஜாப்ரிஸ்கி பாயிண்ட்னு ஒரு மேடு, சன்செட் போட்டோ எடுக்கிறவங்க கூடுற இடம். கீழ தெரியுற குன்று எல்லாம் மஞ்சளும் பழுப்புமா மடிப்பு மடிப்பா கிடக்கும், அது பாறைன்னு நினைச்சேன், பாத்தா 50 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே வத்திப்போன ஒரு ஏரியோட அடிமண்ணாம், கோடையில நம்ம கண்மாய் வத்தி வெடிச்சுக் கிடக்குமே அதே சங்கதி இறுகி மேல எழும்பி மழைத்தண்ணி அறுத்து அறுத்து அப்படி ஆகியிருக்கு. அங்க இருக்கிற என் தம்பிதான் ஒரு அக்டோபர் கடைசியில கூட்டிட்டுப் போனான். எதிர்ல பனமின்ட் மலைத்தொடர், அதோட உச்சி 3,366 மீட்டர், சூரியன் அதுக்குப் பின்னாடி போச்சு, கூட்டம் மொத்தமும் ட்ரைபாடை மடக்க ஆரம்பிச்சுது. "முடிஞ்சிருச்சுக்கா, போலாமா"ன்னான் தம்பி. நாங்களும் மடக்கி பையில போட்டுட்டு காருக்கு வந்துட்டோம். அப்ப திரும்பிப் பாத்தா, நாங்க இவ்வளவு நேரம் முதுகு காட்டிட்டு இருந்த கிழக்கு மலை குங்குமமா எரியுது. கொஞ்ச நேரத்துல அந்த சிவப்பு அணைஞ்சு மலைக்கு மேல நீளமா ஒரு ரோஸ் கலர் பட்டை, அதுக்குக் கீழ ஸ்லேட் மாதிரி ஒரு நீலக்கருப்பு. அன்னைக்கு அது எதுவும் என் கேமராவுல இல்ல. மறுநாள் அதே இடத்துக்குப் போய் கடைசி வரைக்கும் நின்னேன்.

இதெல்லாம் எப்படி நடக்குதுன்னா, சூரிய வெளிச்சம் காத்துக்குள்ள வரும்போது காத்தோட மூலக்கூறுகள் அதை நாலா பக்கமும் சிதறடிக்கும். அலைநீளம் கம்மியா இருக்கிற நீலம்தான் ரொம்ப சிதறும், சிவப்பை விட நாலு மடங்குக்கும் மேல. 1871ல ரெய்லிங்கிற ஆங்கிலேய இயற்பியலாளர் இதைக் கணக்கு போட்டுக் காட்டினார். உச்சி வெயில்ல வெளிச்சம் காத்தை நேரா குத்திக்கிட்டு வர்றதால வழி சின்னது, நீலம் கொஞ்சம்தான் சிதறும், அந்த சிதறின நீலம்தான் நம்ம தலைக்கு மேல தெரியுற வானம். பொழுது சாயும்போது வெளிச்சம் பூமியை ஒட்டியே படுத்துக்கிட்டு வருது, உச்சியில இருந்து வர்றதை விட கிட்டத்தட்ட 38 மடங்கு காத்தைத் தாண்டணும், அதுக்குள்ள நீலம் பச்சை எல்லாம் வழியிலேயே போயிரும், மிஞ்சி வந்து சேர்றது ஆரஞ்சும் சிவப்பும். எங்க சுவர்ல விழுந்தது அதுதான்.

இன்னொன்னும் சொல்லணும். காத்து வெளிச்சத்தை வளைக்கும். சூரியன் அடிவானத்தைத் தொடுறதா நம்ம கண்ணுக்குத் தெரியுற அந்த நேரத்துல அசல்ல அது முழுசா கீழ போயிருச்சு, காத்து வளைச்சு தூக்கிக் காட்டுற உருவத்தைத்தான் நாம போட்டோ எடுக்குறோம். அடிப்பக்கத்தை மேல்பக்கத்தை விட கூடுதலா தூக்குறதால சூரியன் இட்லி மாதிரி கொஞ்சம் அமுங்கித் தெரியும். பெரிய லென்ஸ் போட்டு இதைப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க கேமராவோட கண்ணாடித் துளை வழியா சூரியனை நேரா பாக்காதீங்க, ஸ்கிரீன்ல பாருங்க, கண்ணு போயிரும்.

தூசி இருந்தாதான் சன்செட் நல்லா இருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க, நானும் நம்பினேன், அது சரியில்ல. மூலக்கூறுதான் நீலத்தைப் பாத்துப் பிரிக்கும், மண் தூசி அதை விட எத்தனையோ மடங்கு பெருசு, அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிச்சு வானத்தைப் பால் ஊத்தின மாதிரி வெளுக்க வச்சிரும். ஈரப்பதம் கூடினா காத்துல இருக்கிற உப்பும் புகையும் தண்ணியைக் குடிச்சு ஊதும், அப்பவும் இதே கதிதான். பாலைவனத்துல காத்து அடிக்காத நாள்ல நிறம் அவ்வளவு சுத்தமா தெரியுறதுக்குக் காரணம் இந்த ஈரம் இல்லாததும், பார்வைக்குக் குறுக்க எதுவும் இல்லாததும்தான். நம்ம ஊர்ல பங்குனி சித்திரையில செம்மண் புழுதி கிளம்பினா அடிவானமே தெரியாது, ஆனா கோடை மழை ஒன்னு கொட்டி காத்தைக் கழுவிட்டுப் போன மறுநாள் சாயங்காலம் பாருங்க, டெத் வேலிக்கு கொஞ்சமும் குறையாது.

சரி, அந்த ரோஸ் பட்டை. சூரியன் நமக்கு மறைஞ்சாலும் அதோட வெளிச்சம் நம்ம தலைக்கு மேல தாண்டிப் போய் கிழக்கு வானத்துக் காத்து மேல இன்னும் விழுந்துக்கிட்டுதான் இருக்கு. அவ்வளவு தூரம் போகும்போது நீலம் எல்லாம் உதிர்ந்து சிவப்பாதான் போகும், அங்க இருக்கிற காத்து அதைத் திருப்பி நம்ம பக்கம் அனுப்பும், வானத்தோட மிச்ச நீலமும் கூட சேர்ந்து ரோஸ் ஆயிரும். இதுக்குப் பேரு வீனஸ் பெல்ட். அதுக்குக் கீழ இருக்கிற நீலக்கருப்பு மேகமும் இல்ல, மூட்டமும் இல்ல, அது பூமியோட நிழல். சந்திர கிரகணத்துல நிலா மேல விழுற அதே நிழல்தான் இங்க நம்ம காத்து மேலயே விழுது. சூரியன் கீழ இறங்க இறங்க அந்த நிழல் கிழக்குல மேல ஏறும், ரோஸ் பட்டையை மேல தள்ளிக்கிட்டே போய் கரைச்சிரும். பூமி உருண்டைன்னு படிச்சிருக்கோம், அதோட நிழல் எழும்புறதைத் தரையில நின்னு வெறும் கண்ணால பாக்க முடியும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல, அது எனக்கு இன்னும் ஆறல.

இதுக்கு கிழக்குப் பக்கம் திறந்து கிடக்கணும், நம்ம பக்கம் கண்மாய்க் கரையை விட நல்ல இடம் கிடையாது. தட்டையான பூமி, பனைமரமும் சீமைக்கருவேலமும்தான் குறுக்க. ஒரே ஒரு வித்தியாசம், நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம், 10 டிகிரிதான், அதனால சூரியன் ஏறக்குறைய செங்குத்தா இறங்கும், எல்லாம் சீக்கிரமா நடக்கும். 36 டிகிரியில இருக்கிற டெத் வேலியில அந்த அக்டோபர்ல 26 நிமிஷத்துக்கு மேல நீடிச்ச அந்தி வெளிச்சம் இங்க 21, 22 நிமிஷத்துல முடிஞ்சிரும். அதனால சூரியன் மறையிறதுக்கு முன்னாடியே ட்ரைபாடைப் போட்டு வச்சிருங்க, மறைஞ்சதும் கேமராவைக் கிழக்கே திருப்புங்க. ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமரா நிறத்தைச் சரிபண்ணிக்கிற செட்டிங்கை, ஆட்டோவுல விடாதீங்க, அது சிவப்பைத் தப்புன்னு நினைச்சு துடைக்கப் பாக்கும், டேலைட்ல வச்சிருங்க. செம்மண் இருந்தா கொஞ்சம் ஃபிரேமுக்குள்ள வரட்டும், அதுல இருக்கிற இரும்பு ஆக்சைடு சிவப்பைத்தான் திருப்பி அனுப்பும், சாயங்கால வெளிச்சத்துல இருக்கிறதும் சிவப்புதான், அதனால பச்சை எல்லாம் கருத்துப்போகும், மண்ணு மட்டும் உள்ளுக்குள்ள இருந்து எரியுற மாதிரி இருக்கும்.

கடைசியா அந்த நீலம். பகல் வானத்தோட நீலம் சிதறல்ல வர்றது, ஆனா அந்திக்கு அப்புறம் உச்சியில வர்ற ஆழமான நீலம் முக்கியமா ஓசோன் கொடுக்கிறது. வெளிச்சம் ஓசோன் படலத்தைச் சாய்வா ரொம்ப தூரம் கடந்து வரும்போது ஓசோன் அதுல இருக்கிற மஞ்சளையும் ஆரஞ்சையும் உறிஞ்சிரும். ஓசோன் இல்லைன்னா அந்த நேரத்து வானம் மஞ்சள் பூத்துப் போயிருக்கும்னு 1953ல ஹல்பர்ட்ங்கிற அமெரிக்க இயற்பியலாளர் காட்டினார். 25 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற ஒரு வாயு எங்க முகப்புச் சுவருக்கு நீலம் பூசுதுன்னு தெரிஞ்சதுல இருந்து அந்த சுவரை நான் பாக்குற விதமே மாறிருச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்ப கண்மாய்ல ரோஸ் பட்டை கரைஞ்சதும் ஓட்டமா வீட்டுக்கு வந்தேன். அப்பத்தா அப்பத்தான் விளக்கு வச்சிருந்தாங்க. வெளி வெளிச்சமும் திரி வெளிச்சமும் சரிக்கு சரியா நிக்கிறது அந்த ரெண்டு மூணு நிமிஷம்தான், சுவர் நீலமா இருந்துச்சு, விளக்கைச் சுத்தி ஒரு முழ வட்டத்துக்கு மட்டும் ஆரஞ்சு. அதைத்தான் எடுத்தேன், ரெண்டு செகண்டு எக்ஸ்போஷர், அப்பத்தாவை அசையாம இருக்கச் சொல்லிட்டு.