வளைவில் ‘டக் டக்’ என்றால் கிரீஸ் மருந்தல்ல

இந்த மழைக்காலத்தில், வளைவில் திரும்பும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று தட்டும் இதே குறையோடு எங்கள் பட்டறைக்கு வந்த ஐந்தாவது கார் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குன்னூருக்கு அருகிலுள்ள ஹட்டி (படுகர் சிற்றூர்) ஒன்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மேட்டுப்பாளையத்திலிருந்து குடும்பத்தோடு மலையேறி வரும்போது, கல்லாறு தாண்டியதும் தொடங்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கார் ‘படார்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட, இழுவை வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். “நாலு மாசமா வளைவுல டக் டக்குனு சத்தம் வந்துச்சு தம்பி. முன்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் மாத்தியாச்சு, கிரீஸும் வெச்சாச்சு” என்றார்.

காரை லிப்டில் ஏற்றிப் பார்த்தேன். வலது முன்சக்கரத்தின் உட்பக்கம் முழுவதும் கரிய கிரீஸ் வட்டமாகத் தெறித்து, அதன் மேல் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் தண்டின் மூட்டை மூடியிருக்கும், ஆக்சில் பூட் எனப்படும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலின் மேல் யாரோ சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உள்ளே, சக்கரம் ஒடிந்து நிற்கும்போதும் அதைச் சுழற்றும் சிவி ஜாயின்ட் என்ற அந்த மூட்டில், குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்து, ஆறு குண்டுகளில் ஒன்று வெளியே வந்திருந்தது. குண்டுகள் ஓடும் பள்ளங்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தன.

சத்தம் வந்தாலே ஷாக் அப்சார்பர்தான் என்று முடிவு கட்டுவது ஒரு தவறு என்றால், அதைவிட என்னை எரிச்சலூட்டுவது ‘கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை. சத்தம் கிரீஸ் இல்லாததால் மட்டும் வருவதில்லை. கிரீஸ் இல்லாமல் மண்ணும் மழைநீரும் புகுந்து ஓடியதில் இரும்பு தேய்ந்துவிட்டதால் வருகிறது. தேய்ந்த இரும்பைக் கிரீஸ் மறுபடி வளர்த்துத் தராது. புதிதாக அடைத்த கிரீஸ் சில நாட்களுக்குச் சத்தத்தை அமுக்கும், அவ்வளவுதான். அந்தச் சில நாட்களில் நீங்கள் குறை தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பீர்கள், உள்ளே புகுந்த மண் கிரீஸோடு கலந்து உப்புத்தாள் போல அரைத்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, சிவி ஜாயின்டுக்கென உள்ள மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸுக்குப் பதில் கையில் கிடைத்த சாதாரணக் கிரீஸை அடைத்து அனுப்புகிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பூட் கிழிந்த புதிதில், சத்தம் தொடங்கும் முன்பே வந்திருந்தால், ஜாயின்டைக் கழற்றிக் கழுவி, புது பூட் போட்டுக் கிளிப் இறுக்கிச் சில நூறு ரூபாய் செலவிலும் கூலியிலும் வேலை முடிந்திருக்கும். சத்தம் வந்தபின் ஜாயின்டையோ முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டியதுதான். அப்போதும் ஆக்சில் நட்டைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பழைய நட்டைச் சுத்தியலால் தட்டி மறுபடி மாட்டுவதை நான் அனுமதிப்பதில்லை.

சமவெளியில் ஓடும் கார் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிப்பது பெரும்பாலும் நிறுத்துமிடத்தில்தான். இங்கேயோ கொண்டை ஊசி வளைவுகளில் தாழ்ந்த கியரில், முழுப் பாரத்தோடு, ஏறக்குறைய முழு ஒடிப்பில் ஏற வேண்டியிருக்கிறது. அங்கே பல மாதம் தாக்குப்பிடிக்கும் ஜாயின்ட் இங்கே சீக்கிரம் கைவிரிப்பதற்கு அதுவே காரணம். சமவெளிப் பட்டறையில் நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் ‘சத்தமே இல்லையே’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆளில்லாத சமதளத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, ஜன்னலை இறக்கிவிட்டு, மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். சக்கரம் சுழலும் வேகத்துக்கேற்ப ‘டக் டக்’ என்று கேட்டால் பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்து ஜாயின்ட்தான்.

எல்லாச் சத்தமும் ஆக்சில் அல்ல என்பதும் உண்மை. சிறு பள்ளங்களில் மட்டும் தட்டினால், கார் சாயாமல் தாங்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால், ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு முறை ‘டப்’ என்றால், சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்ம் என்ற கையின் ரப்பர் புஷ்ஷாக இருக்கலாம். லோயர் ஆர்ம் பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். இவற்றுக்கெல்லாம் முன்பாக வீல் நட்டுகளைச் சோதியுங்கள். பங்க்சர் போட்டுவிட்டு அரைகுறையாக இறுக்கிய நட்டும் இதே போலத் தட்டும்.

ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் முன்சக்கரத்தை ஒடித்து, இரு பக்க ஆக்சில்களின் நான்கு பூட்களையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கூச்சப்படாமல் நீங்களும் குனிந்து பாருங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஏற்றத்தில் ஆக்சில் விட்டுப்போனால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கியரில் போட்டு நிறுத்தினால் கார் நிற்கும் என்ற வழக்கமான பழக்கம் அப்போது உதவாது. ஒரு பக்க ஆக்சில் அறுந்தால் இன்ஜினின் பிடி மறுபக்கச் சக்கரத்துக்கும் போய்ச் சேராது. கால் பிரேக்கை விடாமல் ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, யாரையாவது இறங்கச் சொல்லிப் பின்சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கல்லாக வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் குழந்தைகளைச் சாலையின் மலைப்பக்கமாக இறக்கி நிறுத்துங்கள். கார் போனபிறகு அந்தக் கல்லையும் தயவுசெய்து ஓரமாக எடுத்துப் போட்டுவிடுங்கள். மூடுபனியில் கீழிருந்து பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது.