தூக்குறது ஜாக்கி, தாங்குறது யாரு?

ஞாயித்துக்கிழமை காலைல செயின் துடைக்க உக்காந்தா, சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி வச்சிருக்கவங்க எல்லார் கதையும் ஒண்ணு தான். ஒரு ஜாண் செயின் துடைக்கணும், எந்திரிச்சு வண்டிய கொஞ்சம் முன்னாடி தள்ளணும், மறுபடி குத்த வச்சு உக்காந்து அடுத்த ஜாண். ஆர்15, டியூக் மாதிரி வண்டிகளுக்கு கம்பெனிலயே சைட் ஸ்டாண்ட் மட்டும் தான் வரும். அப்போ தான் வீட்டுல ஒரு லிஃப்ட் இருந்தா நல்லாருக்குமேன்னு தோணும், தேடிப் பாத்தா ஒவ்வொண்ணுலயும் 300 கிலோ தூக்கும் 500 கிலோ தூக்கும்னு ஸ்டிக்கர் ஒட்டிருப்பான். நானும் முதல்ல அந்த நம்பர பாத்து தான் ஏமாந்தேன். தூக்குறதுல உண்மையிலேயே பெரிய கஷ்டம் ஒண்ணும் இல்ல, தூக்கினத நீங்க கைய விட்ட பிறகு எது பிடிச்சு வச்சிருக்குங்கிறது தான் மேட்டர்.

முதல்ல நம்ம ஸ்ப்ளெண்டரையே எடுத்துக்கோங்க. 112 கிலோ பக்கம் வர்ற வண்டிய நோஞ்சானா இருக்கிற காலேஜ் பையன் கூட ஒத்த கால்ல மிதிச்சு சென்டர் ஸ்டாண்ட்ல ஏத்திடுறான். கைல தூக்கினா வராது, மிதிச்சா வரும். பாறைய கடப்பாரை போட்டு நெம்புற அதே நெம்புகோல் கணக்கு. மிதிக்கிறப்ப கடைசில ஒரு "டக்" வரும் கவனிச்சிருக்கீங்களா? வண்டி மேல ஏறி, உச்சிக்குப் போய், அப்புறம் கொஞ்சூண்டு கீழ இறங்கி உக்காரும். ஸ்டாண்டோட கால் நேர்குத்தா நிக்கிற இடத்த தாண்டி முன்பக்கம் போய் ஸ்டாப்பர்ல முட்டி நிக்குது. இப்போ ஸ்டாண்ட் மடங்கணும்னா வண்டி மறுபடி அந்த உச்சிய ஏறி தாண்டணும், தானா எப்படி ஏறும்? வண்டியோட எடையே பூட்டா மாறிடுது. அதனால தான் ஸ்டாண்ட்ல இருந்து எடுக்க முன்னாடி ஒரு தள்ளு தள்ள வேண்டியிருக்கு.

பின் சக்கரத்த மட்டும் தூக்கி நிறுத்துற பேடாக் ஸ்டாண்டும் இதே டெக்னிக் தான், வீட்டுக்கு வாங்குறதுல விலை கம்மியும் அது தான். 140 கிலோ வண்டின்னா பின் சக்கரத்து மேல உத்தேசமா பாதி, 70 கிலோ நிக்கும். ஸ்டாண்டோட சின்ன சக்கரத்துல இருந்து வண்டிய தாங்குற இடம் 10 செ.மீ. தள்ளி, கைப்பிடி 80 செ.மீ. தள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க, எட்டுக்கு ஒண்ணு, நீங்க அமுக்குறது 9 கிலோ தான். ஆனா சும்மா கிடைக்காது, கை 40 செ.மீ. இறங்கினா டயர் 5 செ.மீ. தான் ஏறும். செயின் வேலைக்கு அது போதும். இதுலயும் வண்டி உச்சிய தாண்டி உக்காந்து தன் எடையாலயே கைப்பிடிய தரையில அழுத்தி வச்சுக்கும். ஸ்விங்ஆர்ம்ல, அதாவது பின் சக்கரத்த பிடிச்சிருக்கிற கைல, ஸ்பூல்ங்கிற உருளைக் குமிழ் மாட்ட ஓட்டை இருந்தா ஸ்பூல் டைப் வாங்குங்க, ரப்பர் வச்ச எல் டைப் வழுக்கறதுக்கு வாய்ப்பு அதிகம்.

ரெண்டு சக்கரமும் மேல வரணும், டயர் கழட்டணும்னா அப்போ சிசர் லிஃப்ட். கத்திரி மாதிரி குறுக்கா போட்ட கை, நடுவுல ஒரு திருகு, ஸ்பேனர் போட்டு சுத்தினா மேல வரும். இத வாங்கின முதல் நாள் நான் பண்ண வேலை: அடியில தள்ளி சுத்த ஆரம்பிச்சேன், அசையவே இல்ல, சரி டூப்ளிகேட் மால தலையில கட்டிட்டான்னு விக்கிறவன திட்டிட்டு இருந்தேன். பாவம் அவன் மேல தப்பில்ல, தப்பு கோணத்துல. லிஃப்டோட கை தரையோட 15 டிகிரில படுத்திருக்கிறப்ப 140 கிலோவ தூக்க திருகு கிட்டத்தட்ட 520 கிலோ இழுவை கொடுக்கணும். 45 டிகிரிக்கு வந்தா அதே 140. 60 டிகிரில 81 கிலோ தான். ஆரம்பத்துல தான் எமன், மேல போகப் போக வெண்ணெய். அதுக்கு பதிலா ஆரம்பத்துல ஒரு சுத்துக்கு நிறைய ஏறும், புரிக்குப் புரி 3 மி.மீ. இடைவெளி இருக்கிற திருகுன்னா முதல் சுத்துல 11 மி.மீ. ஏறும், மேல போனதும் 2 மி.மீ. கூட ஏறாது. அதனால என்ன பண்ணணும்னா, வெறுமனேயே ஒரு 30 டிகிரி வரைக்கும் திறந்து வச்சுட்டு, வண்டிக்கும் லிஃப்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிய பலகை வச்சு சரிக்கட்டி அப்புறம் லோடு ஏத்தணும். இடைவெளியே இல்லாத தாழ்வான வண்டியா இருந்தா, வண்டியோட ரெண்டு டயருக்கும் அடியில முதல்ல பலகை போட்டு உயரத்த கூட்டிக்கோங்க. வாங்குறப்பவே லிஃப்ட் முழுசா மடங்கினா எத்தன உயரம்னு பாருங்க, உங்க வண்டிக்கு அடியில எத்தன இடம் இருக்குன்னு அளந்து பாருங்க, ஸ்டிக்கர்ல இருக்கிற கிலோவ விட இது தான் உபயோகமான நம்பர்.

திருகுல இன்னொரு வசதி, விட்டா தானா சுத்தி இறங்காது. புரியோட சரிவு ரொம்ப கம்மி, உராய்வு அதை விட ஜாஸ்தி, அதனால வண்டி எவ்ளோ அழுத்தினாலும் திருகு பின்னாடி சுத்தாது. நீங்க போடுற உழைப்புல பாதிக்கு மேல உராய்வு சாப்பிட்டுடும், ஆனா அந்த நஷ்டம் தான் உங்க பூட்டு. மொத்த உழைப்பும் ஒண்ணும் பெருசில்ல. 140 கிலோவ 30 செ.மீ. தூக்க சுமார் 412 ஜூல், 60 கிலோ ஆள் ஒரு மாடி படி ஏறினா அதுல நாலு மடங்கு செலவாகுது.

அடுத்தது ஹைட்ராலிக், மெக்கானிக் கடையில ரேம்ப்னு சொல்லுவாங்களே அதோட குட்டித் தம்பி. 1 செ.மீ. விட்டம் உள்ள பிஸ்டன்ல அமுக்கினா எண்ணெய் வழியா 3 செ.மீ. பிஸ்டனுக்கு ஒம்பது மடங்கு விசை போகும், பம்ப் கைப்பிடி பத்து மடங்குன்னா மொத்தம் 90. அடைச்சு வச்ச திரவத்துல அழுத்தம் எல்லா பக்கமும் ஒரே மாதிரி பரவும்னு பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டார், ஆனா 1795ல ஜோசப் பிராமா பேடண்ட் வாங்கினப்புறம் தான் அது மெஷினாச்சு. அவருக்கும் பெரிய தலைவலி பிஸ்டன் ஓரமா ஒழுகுறது தான், அவர் பட்டறையில இருந்த ஹென்றி மாட்ஸ்லே தான் அழுத்தம் கூடக் கூட இன்னும் இறுக்கமா ஒட்டிக்கிற தோல் வளையத்த போட்டு அத அடைச்சார்னு சொல்றாங்க. இன்னிக்கு உங்க ஜாக்கில இருக்கிற ரப்பர் சீலும் அதே வேலைய தான் பாக்குது. வேடிக்கை என்னன்னா பிராமா அந்தக் காலத்துல பேர் வாங்கினது பூட்டு செய்றதுல. அவர் கண்டுபிடிச்ச ஹைட்ராலிக் பிரஸ்ஸோட வழியில வந்த ஜாக்கில தான் பூட்டே இல்ல!

ஆமா, எண்ணெய்க்கு உராய்வுப் பூட்டும் கிடையாது, உச்சிய தாண்டி உக்கார்ற வித்தையும் கிடையாது. ஒரு வால்வும் ஒரு சீலும் தான் மொத்த வண்டியையும் பிடிச்சிருக்கு, அதுல ஒரு மணல் துணுக்கு மாட்டினா போதும், மெதுவா இறங்கும், நீங்க அடியில கைய விட்டிருக்கிறப்ப இறங்கும். அதனால ஹைட்ராலிக் லிஃப்ட் வாங்குறதா இருந்தா, தூக்கின பிறகு குறுக்கா ஒரு இரும்புக் கம்பிய சொருகி எடை எண்ணெய் மேல இல்லாம இரும்பு மேல உக்கார்ற மாதிரி ஏற்பாடு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா எவ்ளோ சீப்பா கொடுத்தாலும் வேண்டாம். நாலஞ்சு மாசம் சும்மா கிடந்து பம்ப் பண்ணா பொதபொதன்னு இருந்துச்சுன்னா உள்ள காத்து புகுந்திருக்கும், லோடு இல்லாம ரிலீஸ் வால்வ திறந்து வச்சு பத்து பதினஞ்சு தடவை பம்ப் பண்ணா பெரும்பாலும் சரியாயிடும்.

அப்புறம் சாயறது. வண்டியோட எடை மையம் தரையில இருந்து 60 செ.மீ. உயரத்துல இருக்கு, லிஃப்டோட கால் 35 செ.மீ. அகலம்னா சுமார் 16 டிகிரி சாஞ்சா தான் கவுறும். அதையே 30 செ.மீ. தூக்கினா 11 டிகிரிலயே கவுந்துடும். துருப்பிடிச்சு இறுகின நட்ட முழு பலத்தோட ஸ்பேனர் போட்டு இழுக்கிறப்ப அந்த 11 டிகிரி ரொம்ப பக்கம். அதனால டைட்டான நட்டு எல்லாத்தையும் வண்டி தரையில இருக்கிறப்பவே லேசா லூஸ் பண்ணிடுங்க, அப்புறம் தூக்குங்க. தேவையான உயரத்துக்கு மேல ஒரு விரக்கடை கூட ஏத்தாதீங்க. இஞ்சினுக்கு அடியில அலுமினிய சம்ப்ல (ஆயில் தேங்குற அடிப்பகுதி) நேரா இரும்ப வைக்காம ஃப்ரேம் குழாய்ல தாங்குற மாதிரி வைங்க, குழாய் இல்லாத வண்டின்னா அகலமான மரப்பலகை போடுங்க. சைலன்சர் அடி வழியா போற வண்டிக்கு சிசர் லிஃப்டே ஒத்து வராது. மழை பெஞ்ச மண் தரையில வேண்டவே வேண்டாம், ஒரு கால் மட்டும் புதைஞ்சா முடிஞ்சுது. முன் பிரேக்க பழைய சைக்கிள் டியூப் வச்சு கட்டிட்டா வண்டி உருளாது.

இன்னொண்ணு, பின் சக்கரம் மேல இருக்கேன்னு இஞ்சின ஸ்டார்ட் பண்ணி கியர்ல ஓட விட்டு செயின துணியால பிடிக்கிற பழக்கம் இருந்தா இன்னியோட விட்டுடுங்க. துணிய ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) இழுக்கும், துணியோட விரலும் போகும். நியூட்ரல்ல போட்டு கையால சக்கரத்த சுத்துங்க.

இறக்குறது சும்மா ஈஸின்னு நினைப்போம். ஹைட்ராலிக்னா வால்வ கால் திருப்பு கூட திருப்பாம மெல்ல விடணும், பேடாக்னா கைப்பிடிய தூக்குறப்ப உச்சிய தாண்டினதும் வண்டி சட்டுனு இறங்கும். அதுக்கு முன்னாடி சைட் ஸ்டாண்ட் போட்டிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. நான் ஒரு தடவை பாக்கல. செயினெல்லாம் பளபளன்னு துடைச்சு செயின் லூப்ரிகண்ட் அடிச்சு, பின்னாடி நின்னு கைப்பிடிய தூக்கினேன், வண்டி ஜம்முனு இறங்கி அப்படியே இடது பக்கம் காம்பவுண்டு சுவத்துல போய் சாஞ்சுது. இண்டிகேட்டர் ஒண்ணு போச்சு, மிரர் ஒண்ணு போச்சு. சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அண்ணன் தான் கூட பிடிச்சு நிமித்தினார், நிமித்திட்டு பேடாக் ஸ்டாண்ட ஒரு பார்வ பாத்தார், அது பத்திரமா தான் நின்னுட்டு இருந்துச்சு.